காம்போசிட் ஃபில்லிங்கின் நிறமாற்றம்: எதை வைத்து அளப்பது, அளவு எங்கே பிசகும்?

கேள்வி இதுதான்: பல்லை அடைக்கும் ரெசின் பொருளான காம்போசிட்டில் இரண்டு பிராண்டுகளைக் காபியில் ஊறவைத்து நிறமாற்றத்தை ஒப்பிட வேண்டும், எம்டிஎஸ் (பல் மருத்துவ முதுநிலை) தீசிஸுக்காக. கல்லூரியில் பல்லின் ஷேட்டை, அதாவது நிறச்சாயலை, அளக்கும் கைக்கருவியான ஈஸிஷேட் இருக்கிறது. ஊரில் ஒரு ஜவுளி ஆய்வகத்தில் பெரிய ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் இருக்கிறது. கையில் மேக்ரோ லென்ஸ் போட்ட கேமராவும் உண்டு. காம்போசிட்டில் செய்த ஒரே மாதிரி வட்டை (டிஸ்க்கை) மூன்றிலும் அளந்தால் மூன்று வேறு எண்கள் வருகின்றன. எதை நம்புவது?

மூன்றும் வேறு எண் காட்டத்தான் செய்யும். அதில் ஒன்றும் பழுதில்லை. நிறத்தின் 'உண்மை மதிப்பு' ஒரு கருவியிலும், நிறம் எவ்வளவு மாறியது என்பது இன்னொரு கருவியிலும் நன்றாகக் கிடைக்கலாம். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. அதற்குக் கருவியின் விலையைவிட முக்கியமானது, முதல் நாள் எப்படி வைத்து அளந்தீர்களோ அப்படியே கடைசி நாளும் வைத்து அளந்தீர்களா என்பதுதான்.

எல்லாக் கருவியும் கடைசியில் தருவது சிஐஇ என்ற சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 1976-ல் வகுத்த மூன்று எண்கள். எல்* என்பது வெளிச்சம், 0 கறுப்பு, 100 வெள்ளை. ஏ* கூடினால் சிவப்பு, குறைந்தால் பச்சை. பி* கூடினால் மஞ்சள், குறைந்தால் நீலம். ஏ2 ஷேட் காம்போசிட் காபியில் கிடந்தால் எல்* இறங்கும், ஏ*-யும் பி*-யும் ஏறும். ஈஸிஷேட் எல், சி, எச் என்றும் காட்டும். சி என்பது நிறச்செறிவு, எச் என்பது சாயலின் கோணம். சி-யைக் கோணத்தின் கொசைனால் பெருக்கினால் ஏ*, சைனால் பெருக்கினால் பி*.

ஒரே டிஸ்க் ஏன் மூன்று எண் தருகிறது என்பதற்கு முதல் காரணம், காம்போசிட் ஒளி ஊடுருவும் பொருள் என்பதுதான். சுவரில் அடித்த பெயின்ட்டில் ஒளி பட்ட இடத்திலேயே திரும்பும். காம்போசிட்டில் ஒளி உள்ளே போய், சிதறி, பட்ட இடத்திலிருந்து ஓரிரு மி.மீ. தள்ளியும் வெளியே வரும். கருவியின் சாளரம் 3 மி.மீ. மட்டும் இருந்து, அந்த 3 மி.மீ.க்குள் மட்டுமே ஒளியும் பாய்ந்தால், பக்கவாட்டில் கசிந்த ஒளி சென்சாருக்குத் திரும்பாது. எல்* உண்மையைவிடக் குறைவாக வரும். ஓர இழப்பு என்று சொல்வது இதைத்தான். பெரிய வட்டத்தில் ஒளி பாய்ச்சி, நடுவில் சின்ன வட்டத்தை மட்டும் படிக்கும் கருவியில் இந்த இழப்பு குறையும். தொடாமல் தூரத்திலிருந்து படிக்கும் ஸ்பெக்ட்ரோரேடியோமீட்டரை 45 டிகிரி ஒளி, நேர் பார்வை என்று அமைத்து அளப்பதைத் துல்லியமான முறையாகக் கருதுவதற்கும் இதுவே காரணம். ஆனால் அது எல்லாக் கல்லூரியிலும் கிடைக்கிற சாமான் அல்ல.

இரண்டாவது காரணம் பின்னணி. 2 மி.மீ. தடிப்புள்ள டிஸ்க்கின் பின்னால் வெள்ளை ஓடு வைத்தால் ஒரு எண், கறுப்பு வைத்தால் வேறொரு எண். அந்த இரண்டுக்கும் உள்ள நிற வேறுபாட்டைத்தான் ஒளி ஊடுருவும் அளவு என்று தனியாக அறிக்கையிடுகிறார்கள். பின்னணி எதுவாக இருந்தாலும் சரி, தொடக்கத்திலிருந்து முடிவுவரை அதே ஓடு, அதே பக்கம் இருக்க வேண்டும். டிஸ்க்குக்கும் ஓட்டுக்கும் இடையில் காற்று இடைவெளி விழுந்தால் எண் ஆடும். ஒரு சொட்டு கிளிசரின் வைத்து அளந்தால் அந்த ஆட்டம் அடங்கும். வைப்பதானால் எல்லா அளவீட்டிலும் வையுங்கள், ஊறவைக்கும் முன் கழுவிவிடுங்கள். வாயின் முன்பற்களில் பின்புறம் இருட்டாக இருக்கும் ஃபில்லிங்கைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்றால் கறுப்புப் பின்னணியிலும் ஒருமுறை அளப்பது நல்லது.

இனி கருவிகள்.

மேசைமேல் வைக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் 400 முதல் 700 நானோமீட்டர் வரை 10 நானோமீட்டர் இடைவெளியில் ஒளிமீள்வை அளக்கிறது. முழு வளைவும் கையில் இருப்பதால் எந்த ஒளிக்கும் நிறத்தைக் கணக்கிடலாம், ஒரு விளக்கில் ஒத்துப்போய் இன்னொன்றில் பிரிந்து தெரியும் ஜோடிகளையும் பிடிக்கலாம். ஆய்வகச் சோதனைக்கு என் முதல் தேர்வு இதுதான். ஆனால் ஜவுளி ஆய்வகத்துக் கருவியில் உட்காரும்போது நான்கு இடங்களைத் திறந்து பாருங்கள்.

ஒன்று, துளை அளவு. துணிக்கு அவர்கள் 25 மி.மீ.க்கு மேற்பட்ட பெரிய துளையில் வைத்திருப்பார்கள். உங்கள் 10 மி.மீ. டிஸ்க்குக்கு 3 முதல் 6 மி.மீ. வரையிலான துளைத் தகடு மாட்டி, மென்பொருளிலும் துளையை மாற்றி, மறுபடி கேலிப்ரேட் செய்ய வேண்டும். தகட்டை மாற்றிவிட்டு மென்பொருளை மறந்தால் எண்கள் அபத்தமாக வரும். அப்படி வந்தால் நல்லது, உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவதுதான் ஆபத்து: சூத்திரம். சாயப்பட்டறைகளில் பாஸ், ஃபெயில் சொல்வது நிற வேறுபாட்டைக் கணக்கிடும் சிஎம்சி 2:1 சூத்திரத்தில். திரையில் 'டிஈ' (டெல்டா ஈ, இரண்டு நிறங்களுக்கு இடையிலான வேறுபாடு) என்று பளிச்சென்று தெரிகிற எண் பெரும்பாலும் அதுதான். அதை அப்படியே எக்செல்லில் ஏற்றி, பல் மருத்துவக் கட்டுரைகளில் வரும் வரம்போடு ஒப்பிட்டால் தீசிஸ் முழுக்கத் தவறு. டிஈ-யைத் தொடாதீர்கள். எல்*, ஏ*, பி* மூன்றை மட்டும் எடுத்துவந்து நீங்களே கணக்கிடுங்கள். மூன்றாவது, ஒளியும் பார்வைக் கோணமும். அங்கே டி65 ஒளி (பகல் வெளிச்சத்துக்கான தர ஒளி), 10 டிகிரி பார்வை என்று இருக்கும். பல் ஆய்வுகளில் 2 டிகிரி பார்வைதான் அதிகம் பயன்படுகிறது, பல் கண்ணுக்குச் சின்னப் பொருள் என்பதால். எதுவாயினும் ஒன்றை வைத்து, அதை எழுதிவிடுங்கள்.

நான்காவது, பளபளப்பைச் சேர்ப்பதா விலக்குவதா என்ற பொத்தான்: எஸ்சிஐ, எஸ்சிஈ. கண்ணாடிபோல் நேராகத் திரும்பும் ஒளியையும் சேர்த்து அளப்பது எஸ்சிஐ. அது மேற்பரப்பின் சொரசொரப்பைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது, பொருளின் நிறத்தை மட்டும் சொல்லும். எஸ்சிஈ நம் கண் பார்ப்பதற்கு நெருக்கமானது. வெறும் ஊறவைப்பு என்றால் எதுவும் சரி. பிரஷ் தேய்ப்போ அமிலப் பானமோ சேர்ந்திருந்தால் கவனியுங்கள்: பரப்பு சொரசொரப்பானால் எஸ்சிஈ-யில் எல்* ஏறும், செறிவு குறையும். கறை ஏறியிருக்கும்போதே 'வெளுத்துவிட்டது' என்று கருவி சொல்லும். இந்த வகைச் சோதனையில் இரண்டு முறையிலும் அளந்து, வித்தியாசத்தைச் சொரசொரப்பு அளவோடு சேர்த்துப் படித்தால் விஷயம் விளங்கும்.

ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் கிடைக்காதபோது கலரிமீட்டர். மூன்று நான்கு வடிகட்டிகள் வைத்து மனிதக் கண்ணை ஒப்பேற்றும் கருவி அது. முழு வளைவு கிடைக்காது, வடிகட்டி வயதானால் எண் நகரும். ஒரே கருவியில் முன்னும் பின்னும் அளந்து வித்தியாசம் பார்ப்பதற்குப் பரவாயில்லை. இரண்டு கல்லூரியின் எண்களை ஒப்பிட உதவாது.

ஈஸிஷேட் பற்றி ஒரு தப்பெண்ணம் உண்டு: அது ஷேட் பார்க்கத்தான், ஆய்வுக்கு ஆகாது என்று. உள்ளே இருப்பது ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர்தான், மறுஅளவீட்டில் நன்றாகவே நிற்கும். ஆனால் அது இயற்கைப் பல்லை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. 2 மி.மீ. டிஸ்க்கில் அது தரும் எல்*-ஐ மேசைக் கருவியின் எல்*-ஓடு ஒப்பிடக் கூடாது, மாற்றத்தை மட்டும் எடுக்கலாம். முனை செங்குத்தாக முழுதும் பதியாவிட்டால் சுற்று ஒளி உள்ளே வரும், எண் தாவும். இதற்குப் பல் அச்செடுக்கும் புட்டி சிலிக்கோனில் ஒரு ஜிக், அதாவது நிலையாகப் பிடிக்கும் அச்சு, செய்யுங்கள்: அடியில் டிஸ்க் உட்காரும் குழி, மேலே முனை நுழையும் துளை, அவ்வளவுதான். அடர்நிறப் புட்டியாக இருந்தால் வெளி ஒளியும் வராது. தொற்றுத் தடுப்புப் பிளாஸ்டிக் உறை போட்டு அளப்பதானால் கேலிப்ரேஷனும் உறையோடுதான்.

வாயில் இருக்கும் ஃபில்லிங்கை அளக்க ஆய்வகக் கருவிகளை நினைத்துப் பார்க்கவே முடியாது, அங்கே ஈஸிஷேட்தான். முனையைவிடச் சின்ன ஃபில்லிங் என்றால் அது பல்லையும் சேர்த்துப் படிக்கும். பல்லை எச்சிலிலிருந்து பிரிக்கும் ரப்பர் டேம் போட்டுச் சில நிமிடம் ஆனாலே பல் உலர்ந்து வெளுக்கும் என்பதால், டேமுக்கு முன்பே அளந்துவிட வேண்டும்.

கேமராவை ஏளனம் செய்ய வேண்டாம். சரியாகச் செய்தால் வித்தியாசங்களை நன்றாகக் காட்டும், டிஸ்க் முழுவதும் கறை திட்டுத்திட்டாக இருந்தால் அதையும் காட்டும். மற்ற கருவிகள் நடுவில் ஒரு வட்டத்தைத்தான் பார்க்கின்றன. 100 மி.மீ. மேக்ரோ, இரட்டை ஃபிளாஷ், ஃபிளாஷிலும் லென்ஸிலும் ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பிய போலரைசிங் வடிகட்டிகள், எல்லாமே மேனுவல், ரா ஃபைல், ஒவ்வொரு படத்திலும் டிஸ்க்கின் அதே தளத்தில் மதிப்புத் தெரிந்த சாம்பல் அட்டை. ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் ஜேபெக்காக எடுத்தால் கேமரா உங்கள் கறையைத் 'திருத்தி'க் கொடுத்துவிடும். பிறகு ஃபோட்டோஷாப். லேப் முறைக்கு மாற்றி ஹிஸ்டோகிராமில் சராசரி பார்க்கும்போது எண்கள் 0 முதல் 255 வரை வரும். எல்* வேண்டுமானால் 100-ஆல் பெருக்கி 255-ஆல் வகுக்க வேண்டும். ஏ*, பி* இரண்டுக்கும் 128-ஐக் கழிக்க வேண்டும். இதைச் செய்யாமல் எல்* 187 என்று அட்டவணை போட்டால் தேர்வாளர் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். ஃபோட்டோஷாப்பின் லேப் டி50 ஒளியை அடிப்படையாகக் கொண்டது என்பதால் டி65 எண்களோடு நேரடியாக ஒப்பிடவும் கூடாது.

கண்ணால் பார்ப்பது ஒழிந்துபோன முறை அல்ல. நிறநிலைத்தன்மைக்கான ஐஎஸ்ஓ 7491 தரமே கண் ஒப்பீட்டை அடிப்படையாகக் கொண்டது. ஆனால் வீட்டா கிளாசிக்கல் என்ற ஷேட் வழிகாட்டியின் 16 ஷேட்களை பி1-ல் தொடங்கி சி4-ல் முடியும் வெளிச்ச வரிசையில் அடுக்கி 'மூன்று படி இறங்கியது' என்று எண்ணும்போது, அந்தப் படிகள் சம உயரம் உள்ளவை அல்ல என்பதை மறக்கக் கூடாது. ஒரு படி பெரிது, ஒரு படி சிறிது. அதற்குச் சராசரி, திட்ட விலக்கம் போடாமல் வரிசைத் தரவுக்கான சோதனைகளையே போடுங்கள்.

இனி டிஸ்க். தவறு அதிகம் நடப்பது கருவியில் அல்ல, இங்கேதான். 10 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிப்பு வழக்கமான அளவு. இரண்டு பக்கமும் மைலார் ஸ்ட்ரிப் (மெல்லிய பிளாஸ்டிக் பட்டை), மேலே கண்ணாடித் துண்டு வைத்து அழுத்தி, சதுர செ.மீ.க்கு குறைந்தது 1000 மில்லிவாட் தரும் விளக்கில் உற்பத்தியாளர் சொன்ன நேரம் க்யூர் செய்யுங்கள், அதாவது ஒளியால் இறுக வையுங்கள். விளக்கின் முனை 10 மி.மீ.க்குக் குறைவு என்றால் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி பல இடத்தில் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரம் அரைகுறையாக வெந்து, அங்கே கறை கூடும்.

மைலார் விட்ட பரப்பு கண்ணுக்கு வழவழப்பு, ஆனால் அங்கே ஃபில்லர் (ரெசினில் கலந்த திடத் துகள்) குறைந்து ரெசின்தான் மேலே இருக்கும். ரெசின் கறையை இழுக்கும். ஒரு குழுவை மைலாரோடு விட்டு இன்னொன்றைப் பாலிஷ் செய்தால் நீங்கள் பிராண்டை ஒப்பிடவில்லை, பாலிஷை ஒப்பிடுகிறீர்கள். எல்லாவற்றையும் ஒரே ஆள், ஒரே வரிசைப் பாலிஷ் தகடுகளால், ஒரே நேரம் வைத்துப் பாலிஷ் செய்ய வேண்டும். பாலிஷுக்குப் பிறகு டிஜிட்டல் கேலிப்பரில் தடிப்பைப் பாருங்கள். கறை ஏற்றிய பின் மறுபாலிஷ் செய்யும் ஆய்வு என்றால் இது இன்னும் முக்கியம். டிஸ்க் மெலிந்தாலே வெள்ளை ஓட்டின் மேல் எல்* ஏறும், அதைக் கறை போனதாக எடுத்துக்கொள்வீர்கள்.

அடையாளத்தை மார்க்கரால் பின்பக்கம் எழுதாதீர்கள், ஒளி ஊடுருவும் டிஸ்க்கில் மை முன்னால் தெரியும். ஓரத்தில் பர்ரால் ஒரு வெட்டுக் கொடுங்கள். எந்தப் பக்கம் மேலே, எந்தத் திசை என்ற இரண்டுக்கும் அது உதவும்.

தொடக்க அளவீட்டை க்யூர் செய்த கையோடு எடுக்கக் கூடாது. ஒளி பட்டதும் பாலிமராக்கத்தைத் தொடங்கிவைக்கும் மஞ்சளான கேம்ஃபர்குவினோன் ஒளியில் சிதைந்து நிறம் மாறும், பாலிமராக்கம் இருட்டிலும் பல மணி நேரம் தொடரும், பிறகு நீர் உறிஞ்சும்போதும் சிறிது மாறும். 37 டிகிரி செல்சியஸில் காய்ச்சி வடித்த நீரில் 24 மணி நேரம் வைத்துவிட்டு அளப்பதே முறை. இதைத் தவிர்த்தால் காபி செய்யாத மாற்றமும் காபியின் கணக்கில் ஏறும். அளக்கும்போது டிஷ்யூவால் ஒற்றி, எல்லா டிஸ்க்குக்கும் ஒரே நேரத்துக்குள், சொல்லப்போனால் ஒரு நிமிடத்துக்குள், அளந்துவிடுங்கள். காற்றாட வைத்தால் உலர்ந்து வெளுக்கும்.

காபிக்குப் பல ஆய்வுகளில் வரும் அளவு 300 மி.லி. கொதிநீரில் 3.6 கிராம் பொடி. வடிகட்டி, ஆறவைத்து, 37 டிகிரியில் மூடிவைத்து, தினமும் மாற்ற வேண்டும். பழைய காபியில் பூஞ்சைப் படலம் டிஸ்க்கில் ஒட்டும். டிஸ்க்கைக் குப்பியின் அடியில் படுக்கவைக்காமல் நூலிலோ தாங்கியிலோ நிறுத்துங்கள். ஒரு நாள் ஊறினால் ஒரு மாதக் காபிக்குச் சமம் என்று எழுதுவது வழக்கம். நாளுக்கு 3.2 கோப்பை, கோப்பைக்கு 15 நிமிடம் என்ற கணக்கு அது. பாலும் சர்க்கரையும் போட்ட நம் ஃபில்டர் காபிக்கு அந்தக் கணக்கு பொருந்தும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

எடுத்த பின் மேலே படிந்த கறையையும் உள்ளே ஊறிய கறையையும் பிரிக்க வேண்டும். மென்மையான பிரஷ்ஷால் எண்ணிப் பத்து இழுப்பு, ஓடும் நீர், பிறகு அளவு. முன்னும் பின்னும் இரண்டு முறை அளந்தால் இன்னும் நல்லது. டீக்கறை பெரும்பாலும் பரப்பில் நிற்பதால் பிரஷ்ஷில் நிறையப் போகும். காபி உள்ளேயும் இறங்குவதால் அவ்வளவு போகாது.

சூத்திரத்துக்கு வருவோம். ஒரு டிஸ்க்கின் தொடக்க எண்கள்: எல்* 74.2, ஏ* 0.8, பி* 16.5. காபிக்குப் பின்: 69.8, 2.9, 21.6. வித்தியாசங்கள் 4.4 இறக்கம், 2.1 ஏற்றம், 5.1 ஏற்றம். இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 49.78, வர்க்கமூலம் 7.1. இது பழைய 1976 சூத்திரத்தின் டெல்டா ஈ. இதே எண்களை சிஐஇடிஈ 2000 சூத்திரத்தில் போட்டால் வருவது 4.8 மட்டுமே. நிறம் ஒன்றுதான், அளவுகோல் வேறு. ஆகவே வரம்பும் வேறு: 1976 சூத்திரத்துக்குப் பாதிப்பேர் கண்டுபிடிக்கும் வரம்பு 1.2, பாதிப்பேர் ஏற்கும் வரம்பு 2.7. 2000 சூத்திரத்துக்கு முறையே 0.8, 1.8. சூத்திரத்தைப் புதிதாக எடுத்து, வரம்பைப் பழைய கட்டுரைகளில் வரும் 3.3 என்றோ 3.7 என்றோ போடுவதுதான் நான் அறிந்தவரை மிக அதிகம் நடக்கும் பிழை. அப்படிப் போட்டால் ஏற்க முடியாத பொருளும் தேறிவிடும்.

எந்தச் சூத்திரம்? 2000-தான். ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. எல்* 70, ஏ* 0 இருக்கும் ஒரு டிஸ்க்கில் பி* மட்டும் 16-லிருந்து 19 ஆகிறது. பழைய சூத்திரத்தில் 3.0. இன்னொன்றில் எல்* மட்டும் 73-லிருந்து 70-க்கு இறங்குகிறது. அதுவும் 3.0. இரண்டும் 2.7-ஐத் தாண்டிவிட்டன, இரண்டும் ஃபெயில். புதிய சூத்திரத்தில் மஞ்சள் ஏறிய டிஸ்க் 1.7, தேறுகிறது. இருண்ட டிஸ்க் 2.3, தேறவில்லை. ஏற்கெனவே மஞ்சளாக இருக்கும் பொருளில் மேலும் கொஞ்சம் மஞ்சள் சேர்ந்தால் நம் கண் பெரிதாகப் பொருட்படுத்தாது, இருண்டால் பிடித்துவிடும். டெல்டா ஈ-க்குத் திசை கிடையாது என்பதையும் இங்கேயே சேர்த்துச் சொல்ல வேண்டும். வெளுத்தாலும் கறுத்தாலும் அது கூட்டல் எண்தான். எல்*, ஏ*, பி* மாற்றங்களைத் தனித்தனியாக அட்டவணையில் கொடுக்காத கட்டுரையைப் படித்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

திசை இல்லாததால் இன்னொரு சிக்கல். ஒன்றுமே மாறாத டிஸ்க்கிலும் டெல்டா ஈ பூஜ்யம் வராது, ஏனெனில் அளவீட்டின் ஆட்டம் எந்தப் பக்கம் போனாலும் கூட்டலாகவே சேரும். எனவே முதல் நாளே இதைச் செய்யுங்கள்: ஒரு டிஸ்க்கை எடுத்து, வைத்து அளந்து, எடுத்து, மறுபடி வைத்து அளந்து, பத்து முறை. எண்களுக்குள் டெல்டா ஈ எவ்வளவு வருகிறது? அதுதான் உங்கள் கையின், உங்கள் கருவியின் பிழைத்தளம். அது 0.3 என்றால் நிம்மதியாகத் தொடரலாம். 1.0 என்றால் காபியைக் கலக்கவே வேண்டாம், முதலில் ஜிக்கைச் சரிசெய்யுங்கள். மூன்று கருவிகளில் எது என்ற உங்கள் கேள்விக்கும் இந்தப் பத்து அளவீடுதான் பதில் சொல்லும். மூன்றிலும் செய்து பாருங்கள், எதில் எண் குறைவோ அதை எடுங்கள். ஜிக் இல்லாத மேசைக் கருவியை நல்ல ஜிக் போட்ட ஈஸிஷேட் முந்துவது நடக்கக்கூடியதே.

ஒவ்வொரு டிஸ்க்கையும் 120 டிகிரி திருப்பி மூன்று முறை அளந்து, முதலில் எல்*, ஏ*, பி* சராசரி எடுத்து, அதன்பின் டெல்டா ஈ கணக்கிடுங்கள். மூன்று டெல்டா ஈ கண்டு அவற்றைச் சராசரி எடுத்தால் ஆட்டமும் சேர்ந்து எண் ஊதும். வெறும் நீரில் கிடக்கும் ஒரு குழு கட்டாயம் வேண்டும். கருவிகளையே ஒப்பிடுவதுதான் தலைப்பு என்றால், ஒட்டுறவுக் கெழு 0.9 வந்தது என்று மகிழ வேண்டாம். ஒரு கருவி எப்போதும் 5 குறைத்தே காட்டினாலும் கெழு 0.9 வரும். இரண்டு கருவிகளின் வித்தியாசத்தைச் சராசரிக்கு எதிராகக் காட்டும் ப்ளாண்ட்–ஆல்ட்மன் வரைபடம் போட்டால்தான் அந்த 5 வெளியே தெரியும்.

வழிகாட்டி மஞ்சள்தூளையும் ஒரு கரைசலாகச் சேர்க்கச் சொன்னால், நம் சமையலுக்கு அது பொருத்தமான யோசனைதான், ஆனால் மூன்று முன்னெச்சரிக்கை வேண்டும். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் நீரில் அநேகமாகக் கரையாது, அடியில் தங்கும், அதனால் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். புற ஊதா, நீல ஒளி பட்டால் அது தானே ஒளிரும், ஆகவே புற ஊதா வடிகட்டி உள்ள கருவி என்றால் அதைப் போட்டும் எடுத்தும் அளந்து, எது என்று எழுதுங்கள். வெளிச்சத்தில் வெளுக்கும், காரத்தில் சிவக்கும் என்பதால், டிஸ்க்கை இருட்டில் வைத்து, சோப்பு படாமல் வெறும் நீரில் கழுவி, எடுத்த அன்றே அளந்துவிடுங்கள்.